ஆபத்து நேரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைப் போனே சொல்ல: கடலூர், புதுச்சேரிவாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

போன மார்கழியில் ஒரு ராத்திரி, அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்காக நானும் என் மனைவியின் தம்பியும் கடலூரிலிருந்து பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவரின் வண்டி மணலில் வழுக்கி விழுந்தது. நெற்றியில் ரத்தம். பேசிக்கொண்டிருந்தார், ஆனால் எழுந்து உட்கார முடியவில்லை. நான் அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். "எந்த இடம் சார்?" என்று கேட்டார்கள்.

"பாண்டி ரோடு" என்றேன்.

"பாண்டிக்குள்ளேயா?"

"இல்லைம்மா, பாண்டி போற ரோடு..."

பக்கத்திலிருந்து மச்சினன், "மாமா, கடலூர் ரோடுன்னு சொல்லுங்க" என்றான். அவன் அரியாங்குப்பத்தில் வளர்ந்தவன். அங்கே அதற்குக் கடலூர் ரோடு என்றுதான் பெயர். எங்களுக்கோ அது பாண்டி ரோடு. ஒரே சாலைக்கு இரண்டு பெயர், இரண்டுமே எதிர்முனையில் இருந்தவருக்கு உதவவில்லை. கடைசியில் நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, மூடிக் கிடந்த ஒரு கடையின் பலகையில் ரெட்டிச்சாவடி என்று படித்துச் சொன்னேன். அதுவரை ஓடிய நிமிடங்கள் முழுவதும் என் கையிலிருந்த போனுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். தெரியாமல் தவித்தது ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டியவர்தான்.

அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ராத்திரிக்கு அப்புறம் எங்கள் வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி, உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு போனுக்கு அரை மணி நேரம் போதும்.

நீங்கள் கூப்பிடும்போது அவர்களுக்கு என்ன தெரியும்?

இந்தியாவில் எல்லா அவசரத்துக்கும் ஒரே எண் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இதுவே போதும். தமிழ்நாடும் புதுச்சேரியும் 2019 பிப்ரவரியில் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. பழைய 100, 101, 108 ஆகியவற்றைக் கூப்பிடும் பழக்கமும் நம் ஊரில் தொடர்கிறது.

சாதாரணமாக ஒரு கால் போனால், எந்த டவர் வழியாக அது வந்தது என்பதை வைத்து ஒரு வட்டாரம் தெரியும். ஊருக்குள் என்றால் சில நூறு மீட்டர், கிராமத்துப் பக்கம் என்றால் சில கிலோமீட்டர் அகல வட்டம். பாகூர் ஏரிக்கரையில் நிற்பவரை அந்த வட்டத்துக்குள் ராத்திரி நேரத்தில் எங்கே போய்த் தேடுவது?

போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் தகவலைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆப். இன்னொன்று, ஆப்பே இல்லாமல், அவசர எண்ணை அழுத்திய உடனே போன் தானாகவே ஜிபிஎஸ்ஸை முடுக்கி, இடத்தைப் பின்னணியில் அனுப்பிவிடும் முறை. ஆண்ட்ராய்டில் இதற்கு எமர்ஜென்சி லொகேஷன் சர்வீஸ் என்று பெயர். 2016இல் பிரிட்டனிலும் எஸ்டோனியாவிலும் தொடங்கியது. ஐபோனில் 2018இல் வந்தது. ஆனால் போனில் வசதி இருந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ளும் கட்டுப்பாட்டு அறையும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவில் முதலில் இதைச் செயல்படுத்திய மாநிலம் உத்தரப் பிரதேசம், 2025 டிசம்பரில். அதனால் நம் பக்கத்தில் இதை மட்டும் நம்பி இருக்காமல் ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் அந்த சுவிட்ச் இருந்தால் அதையும் ஆன் செய்தே வையுங்கள். காசு இல்லை, பேட்டரியும் தின்னாது.

முதல் வேலை: போனின் லொகேஷனைச் சரிசெய்வது

ஆப்பை இறக்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நிறைய பேர் ஆப்பை வைத்திருக்கிறார்கள், லொகேஷனை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸில் லொகேஷனுக்குப் போய் ஆன் செய்யுங்கள். அதற்குள்ளேயே லொகேஷன் சர்வீசஸ் என்று இருக்கும். அதில் எமர்ஜென்சி லொகேஷன் சர்வீஸ், வைஃபை ஸ்கேனிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கான்கிரீட் வீட்டுக்குள் ஜிபிஎஸ் திணறும். சுற்றிலும் இருக்கும் வைஃபைகளை வைத்துத்தான் போன் இடத்தைக் கணிக்கும். உங்கள் வீட்டில் வைஃபை இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரருடையது இதற்குப் போதும், பாஸ்வேர்டு தேவையில்லை.

அடுத்தது, ஒவ்வொரு ஆப்புக்கும் கொடுக்கும் அனுமதி. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று போன் தனியாகக் கேட்கும். தோராயம் என்று கொடுத்துவிட்டால் ஊரின் பெயர் அளவுக்குத்தான் தெரியும். மற்ற ஆப்களுக்கு அப்படிக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். அவசர ஆப்புக்கு மட்டும் துல்லியம் என்றே கொடுங்கள்.

பேட்டரி சேவரையும் பாருங்கள். சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். அவசர ஆப்பின் ஆப் இன்ஃபோவுக்குள் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள்.

112 இந்தியா ஆப்

ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ 112 இந்தியா என்று தேடுங்கள். அதே போலப் பெயர் வைத்த வேறு ஆப்களும் தென்படும். வெளியிட்டது அரசுதானா என்று பார்த்து இறக்குங்கள். மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டுப் பதிவு செய்துவிட்டு, அவசரத் தொடர்புகளைச் சேருங்கள். லொகேஷன், போன் கால், எஸ்எம்எஸ் அனுமதிகளைக் கேட்கும். கொடுங்கள். அனுமதி இல்லாமல் இந்த ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆப்பைத் திறந்தால் போலீஸ், தீ, மருத்துவம் என்று பிரித்திருக்கும். எது என்று தெரியாத குழப்பத்தில் எதையாவது தொடுங்கள், எல்லாம் 112க்குத்தான் போகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஷவுட் என்று தனியாக ஒன்று உண்டு. அது பக்கத்தில் இருக்கும் பதிவு செய்த தன்னார்வலர்களுக்கும் தகவல் கொடுக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நெட் வேலை செய்தால்தான் ஆப் வழியாகப் போகும் இடத் தகவல் நம்பகமாகப் போய்ச் சேரும். ஆப்பைத் தொட்டாகிவிட்டது என்று போனைச் சட்டைப் பையில் போட்டுவிடாதீர்கள். கால் இணைந்ததும் வாயாலும் இடத்தைச் சொல்லுங்கள்.

காவல் உதவி ஆப்பும் நம் எல்லைச் சிக்கலும்

தமிழ்நாடு காவல்துறைக்குக் காவல் உதவி என்ற ஆப் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதில் உள்ள சிவப்பு அவசரப் பொத்தானைத் தொட்டால் உங்கள் இடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நல்ல ஆப். ஆனால் அது தமிழ்நாட்டுக்கானது. நம் சாலையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு. முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் அந்தப் பக்கம். வடக்கே போனால் முத்தியால்பேட்டை புதுச்சேரி, அதையொட்டிய கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், மறுபடி காலாப்பட்டு புதுச்சேரி. பைக்கில் இருபது நிமிடத்துக்குள் அரசாங்கமே இரண்டு முறை மாறுகிறது.

போன் டவருக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. ரெட்டிச்சாவடியில் நிற்கும் உங்கள் போன் முள்ளோடைப் பக்கத்து டவரைப் பிடித்தால், உங்கள் கால் புதுச்சேரிக்குப் போகலாம். எதிர்ப்பக்கமும் அப்படியே. தவறான இடத்துக்குப் போனாலும் அவர்கள் மாற்றிவிடுவார்கள், ஆனால் நேரம் போகும். அதனால் நம் வட்டாரத்துக்காரர்கள் முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: "தமிழ்நாடு, கடலூர் மாவட்டம், ரெட்டிச்சாவடி" அல்லது "புதுச்சேரி மாநிலம், கன்னியகோயில்." மாநிலம், ஊர், பக்கத்து அடையாளம் என்ற வரிசையிலேயே சொல்லுங்கள். என்ன நடந்தது என்பது அதற்கப்புறம். கால் நடுவில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

புதுச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 112 இந்தியாவே முதல் ஆப். கடலூர்க்காரர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் 112ஐ முகப்புத் திரையில் வையுங்கள்.

ஆப்பைத் திறக்க முடியாதபோது: பவர் பட்டன்

கை நடுங்கும்போது போனைத் திறந்து, ஆப்பைத் தேடி, தொடுவதெல்லாம் நடக்காது. 112 ஏற்பாட்டில் ஸ்மார்ட்போனின் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் இதை மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள்.

நடைமுறையில் போனுக்குப் போன் இது மாறுகிறது. ஆண்ட்ராய்டு 12க்கு மேல் உள்ள பல போன்களில் ஐந்து முறை அழுத்த வேண்டும். செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி, அதற்குள் எமர்ஜென்சி எஸ்ஓஎஸ். எந்த எண்ணுக்குக் கால் போக வேண்டும், யாருக்கெல்லாம் இடம் போக வேண்டும் என்று அங்கே வைத்துக்கொள்ளலாம். எண் 112தானா என்று கண்ணால் பாருங்கள். ஐபோனில் இந்தியாவுக்கென்றே பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்தும் வழி உண்டு. கால் முடிந்ததும் உங்கள் அவசரத் தொடர்புகளுக்கு இடத்தோடு மெசேஜ் போகும், நீங்கள் நகர்ந்தால் புது இடமும் போகும். ஆனால் அந்தத் தொடர்புகளை ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி என்ற பகுதியில் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

ரத்த வகை, சர்க்கரை, மருந்து ஒவ்வாமை எல்லாம் அதே இடத்தில் எழுதி, பூட்டிய திரையிலும் தெரியும்படி வையுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் ஆம்புலன்ஸில் வருபவர் பார்ப்பார்.

யாரை அவசரத் தொடர்பாக வைப்பது?

இதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. பாசத்தை வைத்துப் பெயர் போடுகிறோம். என் அத்தையின் போனில் மூன்று பெயர் இருந்தது. பாரிஸில் இருக்கும் மகன், சிங்கப்பூரில் இருக்கும் மருமகன், சென்னையில் இருக்கும் பேத்தி. மூவருக்கும் மெசேஜ் போகும், மூவரும் பதறுவார்கள், ஒருவராலும் பாகூருக்குப் பத்து நிமிடத்தில் வர முடியாது.

முதல் பெயர் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர். ராத்திரி போனை எடுப்பவர், வண்டி வைத்திருப்பவர். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. இரண்டாவது, பகலில் நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். வெளிநாட்டுப் பிள்ளை மூன்றாவதாக இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எனக்கு ஒண்ணுன்னா உன் போனுக்கு ஒரு லிங்க் வரும், உடனே 112க்கு அடிச்சு அந்த இடத்தைச் சொல்லு." வெளிநாட்டில் இருப்பவர் 112 அழுத்தினால் அந்த நாட்டுக்கோ வேறெங்கோதான் போகும். அவர் இங்கே உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். இதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்ஆப் லைவ் லொகேஷன் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவில் கிடைக்கும். ராத்திரி பஸ் இறங்கித் தனியாக நடக்கும்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்ப அருமையான வசதி. ஆனால் அது சொந்தக்காரருக்குத்தான் போகும், கட்டுப்பாட்டு அறைக்குப் போகாது.

இடத்தை எண்ணாகப் படித்துச் சொல்லப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே நான் முக்கியமாக நினைப்பது இதுதான். நெட் விட்டுப்போகலாம், ஆப் மக்கர் செய்யலாம். கால் மட்டும் கிடைத்தாலும் உங்கள் இடத்தை இரண்டு எண்ணாகச் சொல்லிவிட முடியும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை.

கூகுள் மேப்ஸைத் திறந்து, நீலப் புள்ளி உட்காரும் வரை பொறுங்கள். அதைச் சுற்றி வெளிறிய நீல வட்டம் இருக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் போன் இன்னும் தடுமாறுகிறது என்று அர்த்தம். வாசலுக்கோ மாடிக்கோ வந்து வானம் தெரிய நில்லுங்கள், சுருங்கும். பிறகு புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும், அதோடு இரண்டு எண்கள் தெரியும். முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

நம் கடலூர், பாண்டி வட்டாரத்தில் முதல் எண் 11இல் தொடங்கும். காலாப்பட்டுப் பக்கம் போனால் 12. இரண்டாவது எண் 79. உங்கள் போன் 13, 80 என்று காட்டினால் அது சென்னை. அதாவது பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது, லொகேஷனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் சொன்னால் போதும், ஏறக்குறைய 11 மீட்டருக்குள் வந்துவிடும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் 110 மீட்டர் ஆகிவிடும். ஆறு இலக்கமும் படித்துத் தடுமாற வேண்டாம்.

படிக்கும் விதமும் முக்கியம். "பதினொன்று புள்ளி ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு" என்று ஒவ்வொரு இலக்கமாக. "ஏழாயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு" என்று சொல்லாதீர்கள், எழுதுபவர் குழம்புவார். சொல்லி முடித்ததும் அவர்களைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

சாலையில் நிற்கும்போது எண்ணோடு சேர்த்துக் கண்ணில் படுவதையும் சொல்லுங்கள். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல், மின்கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண், ரயில் பாதையோரம் என்றால் மின்கம்பிக் கம்பத்தில் இருக்கும் எண். அதிகம் பேர் கவனிக்காத அடையாளங்கள் இவை, அந்தந்தத் துறைக்காரர்களுக்கோ இவை விலாசம் மாதிரி.

மழைக்காலத்துக்கு முன்னால்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரையேறியது. பல கிராமங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இந்த மாதிரி நேரத்தில் டவர்கள் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு ஒவ்வொன்றாக அணையும். முதலில் நெட் போகும். கால் தட்டுத் தடுமாறிக் கிடைக்கும். எஸ்எம்எஸ் கடைசிவரை போராடும்.

அதனால் மழைக்கு முன்பே மூன்று வேலை. நம் வட்டார மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். வீட்டின் இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, தண்ணீர் தொடாத உயரத்தில், கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். கூடவே மாநிலம், ஊர், தெரு, மாடிப்படி எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். பவர் பேங்கை நிரப்பி வையுங்கள். வெள்ளத்தில் சிக்கிய வீட்டைப் படகில் தேடி வருபவருக்குத் தெருப் பெயர்ப்பலகை தெரியாது, அது தண்ணீருக்குள் இருக்கும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கரையிலிருந்து விலக விலக டவர் விட்டுப்போகும், அதோடு ஆப்பும் போச்சு. போனை நம்பி ஆழ்கடலுக்குப் போகாதீர்கள். படகில் வைக்கும் விஹெச்எஃப் ரேடியோ கருவியில் சேனல் 16, இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி, இவைதான் அங்கே துணை. சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554க்கு அடியுங்கள்.

எண் சொல்லும்போது ஒரு பெரிய குழப்பம் உண்டு. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும். போன் மேப் புள்ளி போட்ட டிகிரியாகக் காட்டும். கடலூர்க் கரை போனில் 11.75. அதே இடம் படகுக் கருவியில் 11 டிகிரி 45 நிமிடம். கருவியைப் பார்த்து "பதினொன்று புள்ளி நாற்பத்தைந்து" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், தேடுபவர்கள் 33 கிலோமீட்டர் தெற்கே பிச்சாவரம் பக்கம் போய்விடுவார்கள். "டிகிரி", "நிமிடம்" என்ற சொற்களைச் சேர்த்தே சொல்லுங்கள். ஐபோனில் காம்பஸ் ஆப் காட்டுவதும் டிகிரி, நிமிடம், விநாடிக் கணக்குதான்.

ஒத்திகை

112க்கு அடித்துச் சோதிக்காதீர்கள், உண்மையான ஆபத்தில் இருப்பவரின் வரிசையை அடைப்பீர்கள். கை தவறி அழைப்பு போய்விட்டால் பயந்து வைத்துவிடாமல், தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். பாதியில் வைத்தால் அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள், ஆள் ஆபத்தில் இருக்கிறாரோ என்று அலைவார்கள். எண்ணைப் படிக்கும் ஒத்திகையை வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் போன் செய்து பாருங்கள்.

அத்தைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் வாசலில் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். முதல் தடவை இரண்டு எண்ணையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். இரண்டாம் தடவை புள்ளியை விட்டுவிட்டார். மூன்றாம் தடவை, "புதுச்சேரி மாநிலம், பாகூர். எழுதிக்கிறியா? பதினொன்று புள்ளி..." என்று நிறுத்தி நிறுத்தி நான்கு இலக்கம், அப்புறம் அடுத்த எண். நான் என் போனில் அதைப் போட்டேன். குறி அவர் வீட்டு வாசல் முருங்கை மரத்தின் மேல் விழுந்தது. "சரியா வந்துச்சா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவருடைய போனை எடுத்துவரச் சொன்னார்.